டூப்ளிகேட்: சில குறிப்புகள்

என்னிடம் 19 கைக்கடிகாரங்கள் இருக்கின்றன. 14 போலி, 4 அசல். மீதி ஒன்றைப் பற்றி நான் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

இலக்கியப் பத்திரிகையில் வாட்சுக்கு என்ன வேலை என்று ஆசிரியர் கேட்டார். அவர் என்னிடம் கேட்டிருந்தது இரண்டு கவிதைத் தொகுதிகளுக்கு மதிப்புரை. படிக்கும்போது ‘அசல்’, ‘போலி’, ‘பாதிப்பு’, ‘தழுவல்’ என்று பக்க ஓரங்களில் பென்சிலால் எழுதிக்கொண்டே போனேன். பாதிக்கு மேல் போனபின் ஒரு சந்தேகம் வந்தது. இந்தச் சொற்களை இவ்வளவு சுலபமாகப் போட்டுக்கொண்டு போக நான் எங்கே கற்றேன்? பி.ஏ. வகுப்பில் படித்த ஆங்கில விமர்சகர்களிடம் அல்ல. ஊட்டியில் ஒரு வீட்டு அலமாரியில் இருந்த பிஸ்கட் டின்னிலிருந்து. முதலில் அந்தக் கணக்கைத் தீர்த்துவிடலாம் என்று தோன்றியது. மதிப்புரை அடுத்த இதழில் வரலாம்.

*

மசினகுடியில் வங்கிக் குமாஸ்தாவாக இருப்பவனுக்குப் போலி என்பது தத்துவப் பிரச்னை இல்லை, உத்தியோகம். வாரத்தில் இரண்டு நாள் நகை மதிப்பிடுபவர் வருவார். என் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து உரைகல்லில் தேய்த்து, அமிலம் விட்டு, கோட்டின் நிறத்தைப் பார்ப்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். தலையை ஆட்டினால் கடன் உண்டு. ஆட்டாவிட்டால் நகை திரும்பக் கைக்குட்டைக்குள் போகும். என் பங்குக்கு நோட்டு. கள்ள நோட்டு என்று கண்டால் கொண்டுவந்தவரிடம் திருப்பித் தரக்கூடாது. அதன் மேல் முத்திரை குத்தி, ஒரு ரசீது கொடுத்து, நாமே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பொக்காபுரம் பக்கத்திலிருந்து விடுதி ஒன்றில் துணி துவைக்கும் அம்மாள் ஒருமுறை கொண்டுவந்த நோட்டுகளில் ஒரு 500 அப்படி இருந்தது. முத்திரை குத்தினேன். ‘சரி சார், அப்ப என்னோட ஐந்நூறு?’ என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு விதியில் இடம் இல்லை. அடித்தவன் எங்கேயோ இருக்கிறான். நடுவில் எத்தனை கை மாறியதோ. போலியின் விலையைக் கடைசிக் கைதான் கொடுக்கிறது. இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

இதைச் சொல்லிவிட்டு, நானே போலி வாட்சுகளைச் சேர்க்கிறவன் என்று சொல்வது முரண்பாடாக இருக்கும். முரண்பாடுதான்.

*

பிஸ்கட் டின்னின் சொந்தக்காரர் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1960ல் அரசாங்கம் ஊட்டியில் தொடங்கிய கம்பெனி. ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் அங்கிருந்து போயின. இன்று அது இல்லை. அவர் வேலை செய்தது இருட்டில். ஃபிலிமில் மருந்து பூசும் இடத்தில் வெளிச்சம் ஆகாது. முள்ளில் ரேடியம் பூசிய வாட்ச்கூட உள்ளே வரக்கூடாது என்பார். வெளியே வந்து கட்டிக்கொள்வதற்காகவே வாட்ச் மேல் ஆசை வந்தது என்பது அவருடைய விளக்கம். நான் கல்லூரியில் படிக்கும்போது அவர் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தேன். அவர்தான் டின்னைத் திறந்து காட்டினார். எழுபதுகளின் கடைசியிலிருந்து சேர்த்தது, எல்லாம் டூப்ளிகேட்.

அந்தக் காலத்து டூப்ளிகேட்டைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அந்தக் காலத்துச் சட்டத்தையும் கடைத்தெருவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வெளிநாட்டு வாட்ச் சாதாரண வழியில் வர வழியில்லை. 1962ஆம் வருஷத்துச் சுங்கச் சட்டத்தின் 123ஆம் பிரிவு தங்கத்தோடு கைக்கடிகாரத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. கடத்தல் சரக்கு என்று நம்பி அதிகாரி பறிமுதல் செய்தால், அது கடத்தல் அல்ல என்று நிரூபிக்க வேண்டியது யாரிடமிருந்து பறித்தார்களோ அவருடைய பொறுப்பு. இங்கேயும் கடைசிக் கை. வாட்சை ஏன் தங்கத்தோடு சேர்த்தார்கள் என்பது இன்றைக்கு வேடிக்கையாகத் தெரியலாம். அன்றைக்கு அது தங்கம் மாதிரியே சின்னது, விலை கூடியது, கையோடு வரக்கூடியது.

இன்னொரு பக்கம் ஹெச்.எம்.டி. 1961ல் பெங்களூரில், ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து தொடங்கிய தொழிற்சாலை. ஜனதா, பைலட், சோனா என்று பெயர்கள். சாவி கொடுக்கிற வாட்ச், 17 ஜுவல். நம்பகமானது, அலங்காரம் இல்லாதது. அரசாங்கமே கட்டிவிட்டது போல இருக்கும். அதை விரும்பியவர்களும் வேறொன்றைக் கனவு கண்டார்கள். அந்தக் கனவுக்குப் பெயர் தமிழ்நாட்டில் பெரும்பாலும் ராடோ. 1962ல் வந்த டயாஸ்டார் என்ற மாடல். கீறல் விழாத கனமான உலோகம், தங்க நிறம், பன்னிரண்டு மணிக்குக் கீழே ஆடுகிற சின்ன நங்கூரம். வளைகுடாவுக்குப் போய் வந்தவர் கையில் அது இருந்தால் அவர் போய் வந்த காரியம் முடிந்தது என்று அர்த்தம்.

இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த பள்ளத்தில்தான் டூப்ளிகேட் குடியேறியது. பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்காக 1969ல் சென்னைக் கடற்கரை ஸ்டேஷன் அருகே ஏற்பட்ட பர்மா பஜாரை நண்பர்கள் அறிவார்கள். அதைப் போலப் பல ஊர்களிலும் கடைத்தெருக்கள் இருந்தன. கடத்தல் சரக்கு என்று காதோடு சொன்னாலே வாங்குகிறவனுக்கு அது அசல் என்ற நம்பிக்கை வந்துவிடும். திருட்டுத்தனமே அத்தாட்சிப் பத்திரமாக இருந்த காலம் அது.

பெரியவரிடம் ஒரு அளவுகோல் இருந்தது. ‘மூணு முழம்’ என்பார். மூன்று முழத் தூரத்தில் நிற்பவனை ஏமாற்றினால் நல்ல டூப்ளிகேட். அதற்குமேல் அவர் எதிர்பார்க்கவில்லை. முகத்தில் ஆட்டோமேடிக் என்று எழுதியிருக்கும், உள்ளே சுழலும் தகடே இருக்காது. நங்கூரம் ஆடாது, ஒட்டியிருக்கும். கீறல் விழாத வாட்சில் ஒரு மாதத்தில் கீறல் விழுந்துவிடும். இந்தக் குறைகளை அவர் ஒரு சிற்றப்பாவின் குறைகளைச் சொல்வது போலப் பிரியத்தோடு சொல்வார். அன்று போலியை யாரும் போலி என்பதற்காக வாங்கவில்லை. ஏமாந்து வாங்கினார்கள், அல்லது மற்றவரை ஏமாற்ற வாங்கினார்கள். தெரிந்து, விரும்பி, டின்னில் போட்டு வைத்த மனிதர் அந்த ஊரிலேயே அவர் ஒருவராகத்தான் இருந்திருக்க வேண்டும்.

*

இரண்டாவது கட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 1969 டிசம்பரில் ஜப்பானின் செய்கோ முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இங்கே அதன் விளைவு பதினைந்து இருபது வருஷம் கழித்துத்தான் வந்து சேர்ந்தது. 1984ல் டாட்டாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்க, ஒசூரில் தொழிற்சாலை வந்தது. கல்யாண மாப்பிள்ளைக்குக் கட்டும் வாட்ச் டைட்டன் ஆயிற்று. ஆசைப்பட்டது கடையிலேயே ரசீதோடு கிடைக்கும்போது டூப்ளிகேட்டுக்குக் கௌரவமான வேலை இல்லை. அது பஸ் ஸ்டாண்டு நடைபாதைக்கு வந்தது. பேட்டரி மெஷின், தகர உறை, ஏதோ ஒரு பெயர். அந்தப் பெயரில் எழுத்துப் பிழை இருந்தாலும் விற்பவனும் கவலைப்படவில்லை, வாங்குபவனும் கவலைப்படவில்லை. ஏமாற்றும் எண்ணமே இல்லாத போலி எவ்வளவு சலிப்பூட்டுவது என்பதற்கு என்னிடம் ஆறு உதாரணங்கள் உண்டு. அதற்குப் பின் செல்போன் வந்து மணி பார்க்கும் வேலையையும் எடுத்துக்கொண்டது.

ஆனால் வேலை போனபிறகுதான் எதுவும் சேகரிப்புக்குரிய பொருள் ஆகிறது. அம்மியைப் பாருங்கள். வீட்டில் இருந்தவரை யாரும் அதைப் பார்க்கவில்லை. இன்று மசினகுடி விடுதிகளின் வாசலில் பூப்போட்டு வைத்திருக்கிறார்கள்.

*

மூன்றாவது கட்டம் இப்போது நடப்பது. அதை எனக்கு அறிமுகம் செய்தவன் இங்கே ஒரு விடுதியில் மேனேஜராக இருந்த இளைஞன். சம்பளக் கணக்கு விஷயமாக வருவான். ஒருநாள் கவுன்ட்டரில் கையை வைத்தபோது கண்ணில் பட்டது. ரோலக்ஸ். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். ‘டூப்ளிகேட்தான் சார்’ என்று அவனாகவே சொன்னான். அந்தக் குரலில் வெட்கம் இல்லை, பெருமை இருந்தது. மாலையில் வந்து பின்மூடியைத் திறந்து காட்டினான். உள்ளே இருக்கும் மெஷினின் பாலம், திருகு, எழுத்து எல்லாம் அசலைப் போலவே செதுக்கியிருந்தது. அதற்கு அவன் கொடுத்த விலையில் ஒசூரில் செய்த நல்ல அசல் வாட்சுகள் ஐந்து வாங்கலாம்.

‘அசலாகவே அஞ்சு வாங்கலாமே?’ என்றேன்.

‘அது சும்மா வாட்ச் சார்’ என்றான்.

இந்தப் பதில் என்னை ரொம்ப நாள் தொந்தரவு செய்தது. பெரியவரின் மூன்று முழம் இங்கே செல்லாது. இன்றைய சேகரிப்பாளன் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸை வைத்துப் பார்க்கிறான். தேதி ஜன்னலின் விளிம்பு, நொடிமுள்ளின் நீளம், சாவி கொடுக்கும்போது கேட்கும் சத்தம். எதிரில் நிற்பவன் இதில் எதையும் பார்க்கப்போவதில்லை. ஏமாற்றுவதற்கு எதிராளி வேண்டும். இங்கே எதிராளியே இல்லை. தனக்குத்தானே, ராத்திரி விளக்கு வெளிச்சத்தில், ஒரு பொருள் இன்னொரு பொருளுக்கு எவ்வளவு கிட்டத்தில் போயிருக்கிறது என்று பார்த்துத் திருப்திப்படுகிறான். நம்மில் சிலர் கவிதை படிப்பதும் இப்படித்தான் என்று நினைக்கிறேன்.

மெஷினைப் பிரதி செய்வது எல்லா இடத்திலும் திருட்டு அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்விட்சர்லாந்தின் ஈ.டி.ஏ. கம்பெனி செய்த 2824 என்ற ஆட்டோமேடிக் மெஷினுக்குக் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. சீனாவில் தியான்ஜினில் இருக்கும் சீகல் தொழிற்சாலை அதே அமைப்பில் தன் பெயரிலேயே செய்து விற்கிறது. அதில் குற்றம் இல்லை. ரஷ்யர்கள் அமெரிக்காவில் ஒரு வாட்ச் தொழிற்சாலையின் இயந்திரங்களை மொத்தமாக விலைக்கு வாங்கிக்கொண்டுபோய் 1930ல் மாஸ்கோவில் தொழிலைத் தொடங்கினார்கள். பின்னால் வந்த அவர்களுடைய புகழ்பெற்ற பொபேடா வாட்சின் மெஷின் லிப் என்ற பிரெஞ்சுக் கம்பெனியின் அமைப்பு. நம் ஜனதாவின் உள்ளே இருந்ததும் சிட்டிசனின் அமைப்புதான். முதலில் ஜப்பானிலிருந்து பாகங்கள் வந்தன. பிறகு ஒவ்வொன்றாக இங்கேயே செய்யக் கற்றார்கள். கற்றுக்கொள்வது என்றால் முதலில் பிரதி செய்வதுதான். குற்றம் தொடங்குவது முகத்தில். செய்யாதவன் பெயரை எழுதும்போது. 1999ஆம் வருஷத்து வணிகச் சின்னச் சட்டத்தில் அப்படி எழுதுபவனுக்கும் விற்பவனுக்கும் ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை உண்டு. ‘லைசென்ஸ் இருந்தா பிரதி, இல்லாட்டி டூப்ளிகேட்’ என்று பெரியவர் இதை ஒரே வரியில் முடித்துவிடுவார்.

பெயரைத் திருடுவதும் புதிதல்ல. 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் லண்டனில் செய்தது என்று பொய்ப் பெயர் பொறித்த வாட்சுகள் ஏராளமாகச் சுற்றின. அவற்றுக்கு ‘டச்சுப் போலிகள்’ என்றே பெயர். பாரிஸில் ப்ரெகே என்ற மேதை, தன் பெயரில் வந்த போலிகள் பொறுக்காமல், 1795 வாக்கில் டயலில் ஒரு ரகசியக் கையெழுத்துப் போடத் தொடங்கினார். சாதாரணமாகப் பார்த்தால் தெரியாது, வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும். போலி இல்லாவிட்டால் அந்த நுட்பமே பிறந்திராது.

நம் இலக்கணத்தில் போலி வசைச்சொல் இல்லை. ஓர் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வேறொன்று வந்து நின்றும் பொருள் மாறாவிட்டால் அது போலி. மஞ்சு என்பது மைஞ்சு ஆனால் முதற்போலி, அமச்சு அமைச்சு ஆனால் இடைப்போலி, நிலம் நிலன் ஆனால் கடைப்போலி. ஐந்து அஞ்சு என்று முழுதும் மாறியும் அதே ஐந்தாக இருந்தால் முற்றுப்போலி. இதைச் சொன்னபோது மேனேஜர் இளைஞன் தன் ரோலக்ஸைக் காட்டி, ‘அப்ப இது முற்றுப்போலியா சார்?’ என்றான். இல்லை. முற்றுப்போலியில் எழுத்து மாறுகிறது, பொருள் நிற்கிறது. அவனுடையதில் எழுத்து அத்தனையும் அப்படியே நிற்கிறது. பொருள்தான் எங்கோ போய்விட்டது.

எழுத்து பத்திரிகை 1959ல் தொடங்கிய காலத்திலிருந்தே புதுக்கவிதை மேல்நாட்டுச் சரக்கின் போலி என்று ஒரு குற்றச்சாட்டு இருந்துவந்திருக்கிறது. குற்றம் சாட்டியவர்களும் பதில் சொன்னவர்களும் முகத்தை மட்டும் பார்த்துப் பேசினார்கள் என்பது என் அபிப்பிராயம். இதை வேறு சந்தர்ப்பத்தில் விரித்து எழுத வேண்டும்.

*

இப்போது என் சொந்த விஷயம்.

என் அப்பா மின்வாரியத்தில் வேலை பார்த்தவர். மசினகுடி என்ற ஊரை ஓரளவுக்கு உண்டாக்கியதே மின்சாரம்தான். பைக்காராத் தண்ணீர் மலையிலிருந்து குழாயில் இறங்கி சிங்காரா மின் நிலையத்தில் 1932லேயே சக்கரத்தைச் சுற்றியது, பின்னால் மாயாறு. அந்த வேலைக்கு வந்தவர்கள் இங்கேயே தங்கினார்கள். அப்பா கல்யாணத்துக்கு முன்பு கையில் கட்டியிருந்தது ஜனதா. வெள்ளை டயல், கறுப்பு வார். ஒரு பழைய க்ரூப் போட்டோவில் அது தெரியும்.

தாத்தா, அதாவது அம்மாவின் அப்பா, இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர். 1964 ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களில் ஒருவர். கூடலூர்ப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. 1987ல் மாப்பிள்ளைக்கு அவர் ராடோ கட்டினார். தோட்டத் தொழிலாளி மகளுக்கு மாப்பிள்ளை வாட்ச் ராடோ என்பது அந்த லைன் வீடுகளில் ரொம்ப நாள் பேசப்பட்ட விஷயம். ஒரு சங்கிலியை விற்றுத் தெரிந்தவர் மூலம் எங்கேயோ சொல்லி வாங்கியது என்று அம்மா சொல்வாள்.

அந்த ராடோவைப் பற்றி எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரிந்தது மூன்று. ஒன்று, அதன் தேதி எப்போதும் 7. என்றைக்குப் பார்த்தாலும் 7. இரண்டு, அப்பா தினமும் காலையில் பல் தேய்த்துவிட்டு வந்து அதற்குச் சாவி கொடுப்பார். கல்யாணம், கோயில் என்றால் மட்டும் கட்டிக்கொள்வார். மூன்று, வேலைக்குப் போகும்போது வெறுங்கை. கேட்டால், ஜெனரேட்டர் பக்கத்தில் வாட்சுக்குக் காந்தம் ஏறிவிடும் என்பார். அது உண்மையும்கூட, காந்தம் ஏறினால் உள்ளே இருக்கும் மயிரிழைச் சுருள் ஒட்டிக்கொண்டு வாட்ச் கன்னாபின்னாவென்று வேகமாக ஓடும். பழைய ஜனதா என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, யாரோ ஹெல்பருக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்.

2021ல் அப்பா போனார். அதற்குப் பிறகு எனக்கு ஒரு ஜனதா வேண்டும் என்று தோன்றியது. அப்பாவுடையது மாதிரி. இதில் நான் தனியாள் இல்லை. ஹெச்.எம்.டி. வாட்ச் தொழிலை மூடப்போகிறார்கள் என்ற செய்தி 2014ல் பரவியதுமே ஆட்கள் தேடி வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை மூடவே முடிவு செய்தது. அப்பாவின் வாட்ச், பரீட்சை பாஸானதற்கு மாமா தந்த வாட்ச், முதல் சம்பளத்து வாட்ச் என்று ஒரு தலைமுறையே பின்னால் திரும்பிப் பார்த்தது. நானும் ஒருவரிடம் விலை பேசி வாங்கினேன். வெள்ளை டயல், ஹிந்தியில் ஜனதா என்ற எழுத்து, பளபளவென்று புதுசு போல. பெரியவரிடம் கொண்டுபோனேன். அவருக்கு அப்போது கண் சரியாகத் தெரியாது. விரலால் உறையின் விளிம்பைத் தடவினார்.

‘முனையெல்லாம் மழுங்கிப் போச்சே, எத்தனை பாலிஷ் பாத்திருக்கும். எழுத்து எப்படி இருக்கு, மெலிசாவா, தடிப்பாவா?’

‘தடிப்பா இருக்கு சார்.’

‘ரீடயல்ப்பா. மும்பை வேலை.’

பழைய மெஷின்களையும் உடைந்த பாகங்களையும் சேர்த்து, புதிதாக அச்சடித்த டயலைப் போட்டு அசல் என்று விற்பது. தொழிற்சாலை ஒருநாளும் செய்திராத நீலத்திலும் ஆரஞ்சிலும்கூட ஜனதா கிடைக்கிறது என்றார். கொஞ்சநேரம் கழித்து, ‘ஜனதாவுக்கே டூப்ளிகேட் வந்துருச்சா’ என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அவர் டின்னைச் சேர்க்க ஆரம்பித்த நாளில் உலகத்தில் யாரும் டூப்ளிகேட் செய்ய நினைத்திராத வாட்ச் ஒன்று உண்டென்றால் அது ஜனதா.

எனக்கு விஷயம் அப்போதுதான் விளங்கியது. இந்தப் பொழுதுபோக்கில் மாறியது மெஷின் அல்ல, நுட்பம் அல்ல, விலையும் அல்ல. ஆசை இடம் மாறியிருக்கிறது. போலி அதன் பின்னாலேயே நாய்க்குட்டி போல வந்திருக்கிறது. ஏழ்மையிலிருந்து தப்ப நினைத்த தலைமுறைக்கு ராடோவின் போலி. தப்பித்து வந்துவிட்ட தலைமுறைக்கு அந்த ஏழ்மையின் போலி. அப்பா எதைக் கழற்றி வைக்க விரும்பினாரோ அதை நான் காசு கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன், அதிலும் ஏமாந்து.

*

கையில் இருந்த ஜனதா இப்படி ஆனபின் அப்பாவின் ராடோவை முதல்முறையாகச் சேகரிப்பாளன் கண்ணோடு பார்த்தேன். நங்கூரம் ஆடவில்லை. உறையெல்லாம் கீறல். மூன்று முழத்துக்கு மேல் செல்லாத டூப்ளிகேட். ஆச்சரியம் ஒன்றுமில்லை. தாத்தா ஏமாந்திருக்கிறார், அல்லது ஏமாறத் தயாராக இருந்திருக்கிறார். ஆனால் அந்தச் சாவிக் குமிழ் சரியாக உட்காராமல் லேசாகச் சாய்ந்திருந்தது. அந்தக் காலத்து மலிவு மெஷின் முப்பது வருஷத்துக்கு மேல் ஓடியது எப்படி என்ற கேள்வியும் இருந்தது.

கூடலூர் பஜாரில் அப்பா வழக்கமாகப் போகும் வாட்ச் ரிப்பேர் பாயிடம் கொண்டுபோனேன். தெப்பக்காடு தாண்டிப் போகும் பஸ்ஸில் அதைச் சட்டைப் பைக்குள் கையால் பொத்திக்கொண்டே போனது ஞாபகம் இருக்கிறது. பாய் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பின்மூடியைத் திறந்தார். உள்ளே பார்த்துவிட்டு லென்ஸைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

‘உங்கப்பா சொல்லலியா தம்பி?’

மூடியின் உட்பக்கத்தைக் காட்டினார். ரிப்பேர் செய்பவர்கள் ஒவ்வொரு முறையும் ஊசியால் கீறிவைக்கும் தேதிகள். அவர் கையெழுத்து. எல்லாவற்றுக்கும் மேலே 10-87. மெஷின் மேல் ஹெச்.எம்.டி. என்று பொறித்திருந்தது.

‘கல்யாணமாகி ரெண்டு மாசம்கூட ஓடல அது. உள்ள இருந்தது மெஷினே இல்ல, தகரம். தலை தீபாவளிக்கு மாமனார் வீட்டுக்குப் போகணும், கையில ஓடாத வாட்சோட போக முடியாதுன்னு வந்தாரு. தன்னோட ஜனதாவையும் கொண்டாந்தாரு. அதப் பிரிச்சு இதுல போடுங்க பாய்னாரு. சேராதுன்னேன். சேர வைங்கன்னாரு. ஸ்டெம் சரியா நிக்காது, தேதி ஓடாதுன்னேன். ஜன்னல் சும்மா இருந்தா மாமனார் கேப்பாரேன்னு, பழைய தேதித் தகட்டுலேர்ந்து ஒரு துண்டு வெட்டி உள்ள ஒட்டச் சொன்னாரு. கையில வந்தது ஏழு.’

பாய் அந்த மெஷினுக்கு அதற்கு முன்பே நாலைந்து முறை காந்தம் எடுத்திருக்கிறார். அதன் திருகு ஒன்றின் தலை சிதைந்திருந்ததைத் தன் தப்பு என்று காட்டினார்.

ஆகவே அப்பா வேலைக்கு வெறுங்கையோடு போனது காந்தத்தால் அல்ல. அவரிடம் வேறு வாட்ச் இல்லை. இருந்த ஒன்றையும் மாமனார் முகத்துக்காக அதன் மெஷினோடு கொடுத்துவிட்டார். 34 வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. தாத்தா சாகும்வரை மாப்பிள்ளை கையைப் பார்த்துப் பெருமைப்பட்டார். ஏமாற்றியவன் எங்கேயோ போய்விட்டான். கடைசிக் கைதான் விலையைக் கொடுத்தது. ஆனால் இந்தக் கடைசிக் கை ரசீது கேட்கவில்லை. போலியைப் பற்றி நான் கவுன்ட்டரில் கற்ற பாடத்தில் இப்படி ஒரு சாத்தியம் இல்லை.

வெளியே ராடோ, உள்ளே ஜனதா என்பதை எடுத்துக்கொண்டு நம் நவீன இலக்கியத்தைப் பற்றி ஓர் உவமை சொல்லிவிடலாம் என்று நண்பர்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. வேண்டாம். அது அப்பாவுடையது.

பாய் கேட்டார்: ‘ஜனதா டயல், உறையெல்லாம் அந்தக் கணக்குல பொறுக்கி வெச்சுத் தரவா? மெஷின் உங்கப்பாவோடதே. அசல் ஜனதா ஆயிடும்.’

மூடச் சொன்னேன். மூடுவதற்கு முன் எண்ணெய் விட்டு, மூடியின் உட்பக்கத்தில் தேதியைக் கீறினார்.

நான் திரும்பி வந்தபோது இருட்டிவிட்டது. அம்மா வாசல் விளக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

‘அப்பாவோட ராடோ என்ன ஆச்சு?’

‘ஓடுதும்மா.’

கையை நீட்டினாள். வாங்கிக் காதில் வைத்துக் கேட்டாள். ‘ராடோன்னா ராடோதான்’ என்று சொல்லி, தேதி தப்பாக இருக்கிறது, மாற்றி வை என்றாள்.